அத்தையின் மூக்கும் ஒரு சந்தன மாலையும்

போன வருஷம் தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு வாசலில் நடந்தது இது. நன்றாக உயிரோடு இருந்த என் மாமியாருக்காக அன்று பாதித் தெரு கூடி நின்றது. காரணம் நான்தான். பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை, பென்சிலால் அவர் முகத்தை வரைந்தேன், அவ்வளவுதான்.

முதலிலிருந்து சொன்னால்தான் புரியும். நான் படம் வரையக் கற்றுக்கொள்ளப் போனதே ஒரு முழங்கையால்தான்.

என் மாமியாரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். அவருக்கு ஒரே ஒரு தங்கை, சேத்தூரில் வாழ்க்கைப்பட்டவர். அவர் எனக்குச் சின்னத்தை. இரண்டு பேரும் காலையில் என்ன குழம்பு என்று போனில் ஆரம்பித்தால், அந்தக் குழம்பு கொதித்து இறங்கும்வரை பேசுவார்கள். சின்னத்தையின் மகள் கல்யாணத்தில்தான் எல்லாம் கெட்டது. கல்யாணம் நன்றாகத்தான் நடந்தது. ஆல்பம் வந்தபோதுதான் வினை வந்தது. இரண்டு பக்கத்தையும் அடைத்து ஒரு பெரிய குடும்பப் படம். மாப்பிள்ளை வீட்டு வேன் டிரைவர்கூட அதில் பல் தெரியச் சிரிக்கிறார். அத்தையை மட்டும் காணோம். நன்றாகத் தேடியதில், இடது ஓரத்தில் வளையல் போட்ட ஒரு முழங்கை தெரிந்தது. அது அத்தையின் முழங்கை.

ஆல்பத்தின் அளவுக்குப் படத்தை வெட்டும்போது ஓரத்தில் நின்ற அத்தை போய்விட்டார் என்று எங்களுக்கெல்லாம் புரிந்தது. அத்தைக்குப் புரியவில்லை. கூடப் பிறந்தவள் சொல்லாமல் எவன் வெட்டுவான் என்று கேட்டார். சின்னத்தையும் சளைத்தவர் இல்லை. உன்னை யார் ஓரத்தில் போய் நிற்கச் சொன்னது என்று திருப்பிக் கேட்டுவிட்டார். அத்தோடு பேச்சு நின்றது. வருஷக்கணக்கில் நின்றது. சேத்தூர் போகும் பஸ் எங்கள் தெருமுனையைத் தாண்டினால் அத்தை முகத்தைத் திருப்பிக்கொள்வார். அந்த பஸ் என்ன பாவம் செய்ததோ தெரியாது.

அதற்குப் பிறகு அத்தை யாருக்கும் போட்டோவுக்கு நிற்பதில்லை. பேத்தி காதுகுத்தில் செல்போனை நீட்டினார்கள். "என் மூஞ்சி எதுக்கு, முழங்கைய எடுத்துக்கோங்க" என்று கையை மடக்கிக் காட்டினார். எல்லோரும் சிரித்தோம். எனக்கு மட்டும் சிரித்து முடித்ததும் சங்கடமாக இருந்தது. எங்கள் வீட்டு ஹாலில் இறந்துபோன மாமனாரின் படம் இருக்கிறது, சந்தனச் சீவல் மாலையும் சிவப்பு பல்புமாக. குழந்தைகள் படம் இருக்கிறது. நாங்கள் கொடைக்கானலில் தொப்பி போட்டு நின்ற படம்கூட இருக்கிறது. அத்தை படம் ஒன்றுகூட இல்லை. கேமராவுக்குத்தானே நிற்க மாட்டார், நானே வரைந்து மாட்டிவிடுகிறேன் என்று ஒரு வேகத்தில் சொல்லிவிட்டேன். அத்தையும் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சரி என்றார். என்னால் முடியாது என்ற நம்பிக்கையில்தான் சரி சொன்னார் என்று இப்போது நினைக்கிறேன்.

நான் வேலை பார்ப்பது பேண்டேஜ் துணி தயாரிக்கும் ஒரு யூனிட்டில். செக்கிங் பிரிவு. வெள்ளைத் துணியை டியூப் லைட்டுக்கு முன்னால் இழுத்துப் பிடித்து, எங்கே இழை விட்டிருக்கிறது, எங்கே முடிச்சு விழுந்திருக்கிறது என்று பார்ப்பேன். வெள்ளையில் வெள்ளையைப் பார்க்கத் தெரிந்த எனக்கு ஒரு முகம் வராதா என்று ஒரு மிதப்பு. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவா கடையின் மாடியில் ஞாயிற்றுக்கிழமை ஓவிய வகுப்பு நடப்பதாகக் கேள்விப்பட்டுச் சேர்ந்தேன். சொல்லிக்கொடுப்பது ஓவியக் கல்லூரி முடித்து வந்த ஒரு பெண். என் வயதில் பாதி இருக்கும். மற்ற மாணவர்கள் எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள். கீழே பால் சுண்டும் வாசனை மேலே வரும். பசியை அடக்கிக்கொண்டு வரையக் கற்றுக்கொண்டவள் நான்.

முதலில் முட்டை. வெள்ளைத் தாளில் வெள்ளை முட்டை. கோடு போடக் கூடாது, வெளிச்சம் எங்கே படுகிறது, நிழல் எங்கே விழுகிறது என்று மட்டும் பார்க்க வேண்டும் என்றாள் டீச்சர். நிழலைச் சரியாகப் போட்டால் வெளிச்சம் தானாக வந்துவிடும், அதை வரைய வேண்டியதே இல்லை என்றும் சொன்னாள். கண்ணைப் பாதி சுருக்கிப் பார்த்தால் நிழல் தனியாகத் தெரியும் என்றாள். அந்தப் பழக்கம் என்னைப் பிடித்துக்கொண்டது. பஸ்ஸில், ரேஷன் கடையில், எதிரே யார் நின்றாலும் கண்ணைச் சுருக்கிப் பார்க்க ஆரம்பித்தேன். பக்கத்து வீட்டு அக்கா, உனக்கு என் மேல் என்ன கோபம் என்று நேரில் கேட்டே விட்டார். எங்கள் யூனிட் சூப்பர்வைசர் கண் டாக்டரிடம் போகச் சொன்னார். வீட்டில் மேஜைமேல் வெளிச்சம் பார்த்து வைத்திருந்த முட்டையை என் கணவர் ஆம்லெட் போட்டுத் தின்றுவிட்டார். மாடல் போனதில் அந்தப் படம் இன்றுவரை அரைமுட்டையாகத்தான் இருக்கிறது.

முட்டை, கத்தரிக்காய், தனித்தனியாகக் கண், காது எல்லாம் தாண்டி ஒருவழியாக அத்தையை உட்கார வைத்தேன். ஒரு பக்கம் மட்டும் டேபிள் லைட். வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து வந்தால்தான் முகத்துக்கு மேடு பள்ளம் கிடைக்கும். அத்தைக்கு அது பெரிய அநியாயமாகப் பட்டது. வெளிச்சம் படும் கன்னம் சுடுகிறது என்பார். படாத கன்னத்தைத் தாளில் பார்த்தால், கரியைப் பூசிவிட்டாய் என்பார். மறுநாள் அந்தக் கன்னத்தில் மட்டும் பவுடரை அப்பிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நான் பென்சில் சீவத் திரும்பினால் போதும், எழுந்துபோய் டியூப் லைட்டைப் போட்டுவிடுவார். அவ்வளவு நேரம் பார்த்த நிழலெல்லாம் ஒரு நொடியில் காணாமல் போய்விடும். நான் அணைப்பேன், அவர் போடுவார். டியூப் இருந்தால்தான் எனக்கு நிம்மதி என்று ஒரே பிடிவாதம்.

உட்கார்ந்த இடத்தில் டிவி சீரியல் வேறு. வில்லி வரும்போதெல்லாம் அத்தையின் புருவம் தாளை விட்டு வெளியே போகும். விளம்பரம் வந்தால் தூங்கிவிடுவார். இதெல்லாவற்றையும்விட என்னைப் பாடாய்ப் படுத்தியது அவர் மூக்குதான். நுனியில் லேசாக உருண்டு, மூக்குத்திப் பக்கம் சின்னதாக ஒரு பள்ளம். அதன் கீழே விழும் நிழலைக் கொஞ்சம் அழுத்தினால் மீசை. விட்டால் மூக்கே இல்லை. ஒருநாள் என் கணவர் தாளைப் பார்த்துவிட்டு, எங்கப்பா அப்படியே வந்திருக்காரே என்று உருகினார். அன்று முழுக்க அவரோடு நான் பேசவில்லை.

இப்படியே மாதங்கள் போய், ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி மூக்கு வந்தது. எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது. ரப்பரால் நுனியில் ஒரு பொட்டு வெளிச்சம் எடுத்தேன். அத்தை தாளிலிருந்து என்னைப் பார்த்தார். சத்தியமாகச் சொல்கிறேன், பிள்ளை பெற்றபோதுகூட அப்படி ஒரு சந்தோஷத்தில் நான் உட்கார்ந்திருந்ததில்லை. அத்தையிடம் காட்டவில்லை. படத்துக்குக் கண்ணாடி போட்டுக் கொண்டுவந்து காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் டீச்சர் படத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வைத்துப் பார்த்தாள். பிறகு, பென்சில் கலைவதற்குள் பிரேம் போட்டுவிடுங்கள் அக்கா, தேரடிப் பக்கம் ஒரு கடை இருக்கிறது, இப்போது கொடுத்தால் வகுப்பு முடிவதற்குள் ரெடியாகிவிடும் என்றாள். ஓடினேன்.

கடை முழுக்கச் சாமி படங்கள். இன்னொரு சுவரில் போய்ச் சேர்ந்தவர்கள். கடைக்கார அண்ணாச்சி நெற்றி நிறைய விபூதியோடு இருந்தார். படத்தை இரண்டு கையாலும் வாங்கினார். ஓவியத்துக்கு எவ்வளவு மரியாதை கொடுக்கிறார் என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"எப்பம்மா?" என்றார் மெதுவாக.

எப்போது வரைந்தது என்று கேட்கிறாராக்கும் என்று நினைத்தேன். "வெள்ளிக்கிழமைதான் அண்ணாச்சி முடிஞ்சிருச்சு" என்றேன்.

"ரொம்பக் கஷ்டப்பட்டாகளோ?"

"அவியளவிட எனக்குத்தான் கஷ்டம். நிமிந்து உக்கார வைக்கவே முடியல. கடைசி வரைக்கும் மூக்குதான் பாடாப் படுத்திருச்சு."

"ட்யூப் எதுவும் வச்சிருந்தீகளா?"

பிரேம் போடுகிறவருக்கு வெளிச்சத்தைப் பற்றி இவ்வளவு தெரிகிறதே என்று எனக்கு ஒரே ஆச்சரியம். "அவியளுக்கு ட்யூப் இருந்தாத்தான் நிம்மதி. நாந்தான் வேண்டாம்னு அணைச்சிட்டேன்" என்றேன்.

அண்ணாச்சி என்னை நிமிர்ந்து பார்த்தார். நீ மகளா, மருமகளா என்று கேட்டார். மருமகள் என்றேன். எல்லாம் விளங்கிவிட்டது போலத் தலையை ஆட்டிக்கொண்டு, "நீ போயிட்டு வாம்மா, ஆக வேண்டியத நான் செஞ்சு வைக்கேன்" என்றார்.

நான் வகுப்புக்குத் திரும்பிய பிறகு கடையில் நடந்தது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அண்ணாச்சி படத்துக்குக் கண்ணாடி போட்டு, தன் பங்குக்குச் சந்தன மாலை ஒன்றைச் சாத்தி, சின்னச் சிவப்பு பல்பும் பொருத்தி, சரியாக எரிகிறதா என்று பார்க்க முன்பக்கம் மாட்டி வைத்திருக்கிறார். அந்த நேரம் பார்த்து, சேத்தூர் உரக்கடைக்காரர் ஒருவர் முருகன் படம் வாங்க வந்திருக்கிறார். சின்னத்தை வீட்டுக் கல்யாணத்தில் பந்தி விசாரித்தவர், அத்தையை நன்றாகத் தெரிந்தவர். பார்த்ததும் பதறிப்போய் விசாரித்திருக்கிறார். வெள்ளிக்கிழமை முடிந்துவிட்டதாம், பாவம் மூச்சுக்குப் போராடியிருக்கிறார்கள், மருமகள்காரி ட்யூப்பைப் பிடுங்கிவிட்டாளாம் என்று அண்ணாச்சி சொல்லியிருக்கிறார். கடை வாசலை விட்டு இறங்கும் முன்பே உரக்கடைக்காரர் சேத்தூருக்குப் போன் போட்டுவிட்டார்.

சின்னத்தை வீட்டிலிருந்து எனக்குப் போன் அடித்திருக்கிறார்கள். வகுப்புக்காக போனைச் சத்தமில்லாமல் வைத்தவள், அதை மறந்தே போனேன். என் கணவருக்கு மில்லில் ஷிப்ட், உள்ளே போன் கொண்டுபோக முடியாது. அத்தையின் போனுக்கு யாரும் அடிக்கவில்லை. செத்தவருக்கு யார் போன் போடுவார்கள்?

வகுப்பு முடிந்து கடைக்குப் போனபோது அண்ணாச்சி படத்தைச் செய்தித்தாள் சுற்றி ரெடியாக வைத்திருந்தார். கொஞ்சம் புடைப்பாக இருந்தது. உடையாமல் இருக்க எதையோ வைத்துக் கட்டியிருக்கிறார் என்று நினைத்து, மடியில் வைத்துக்கொள்ளலாம் என்று ராஜபாளையம் பஸ்ஸில் ஏறினேன். நல்ல கூட்டம். ஏறினவுடன் ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். எனக்காக ஒரு ஆம்பளை பஸ்ஸில் எழுந்து நின்றது அதுதான் முதல் தடவை. பக்கத்தில் இருந்த வயசான அம்மா என் கையைத் தடவிக்கொடுத்தார். தாளின் ஒரு மூலை கிழிந்து சந்தனச் சீவல் வெளியே எட்டிப் பார்த்திருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை.

"மாமியாரா? எம்புட்டு நாளா பாத்த தாயி?" என்றார் அந்த அம்மா.

படம் வரைகிறவள் என்று என் விரலில் இருந்த பென்சில் கறையைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார் என்று எனக்குப் பெருமை. "ஒரு வருஷமாப் பாத்தேன். முடிஞ்ச பொறவுதான் நிம்மதி. அடுத்து எங்க வீட்டுக்காரரு. அவரு சுலபம், ஒரே வாரத்துல முடிச்சிருவேன்" என்றேன்.

அந்த அம்மா கையை எடுத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் எழுந்து முன்னால் டிரைவர் பக்கம் போய் நின்றுகொண்டார். காற்றுக்காகப் போகிறார் என்று நினைத்தேன்.

வீட்டில் அத்தை தலை வாரி, பூ வைத்து, தன் படத்தைப் பார்க்கத் தயாராக உட்கார்ந்திருந்தார். ஒரு வருஷம் முனகினவர் அன்றைக்கு டிவியைக்கூடப் போடவில்லை. அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு பயம். அவருக்குப் பிடிக்காமல் போனால் என்ன செய்வது? மடியில் வைத்துத் தாளைப் பிரித்தேன்.

சந்தன மாலை முதலில் வந்தது. பிறகு பல்பு. பிறகு மாலைக்கு நடுவில் அத்தை, என்னைப் பார்த்தபடி.

கடையில் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் அப்போதுதான் மண்டைக்குள் திரும்பி ஓடியது. முடிந்துவிட்டது, மூக்கு, ட்யூப். பஸ்ஸில் சொன்னதும் சேர்ந்துகொண்டது. அத்தை படத்தைப் பார்த்தார். எதிர்ச் சுவரில் மாலையோடு இருந்த மாமனாரைப் பார்த்தார். பல்பிலிருந்து தொங்கிய வயரைக் கையில் எடுத்தார்.

"பிளக்கை எங்கட்டி சொருகணும்?" என்றார்.

நான் பதில் சொல்லும் முன் தெருமுனையில் ஆட்டோ நிற்கும் சத்தம். கூடவே ஒரு ஒப்பாரி. அந்தக் குரல் யாருடையது என்று எனக்குத் தெரிவதற்குள் அத்தைக்குத் தெரிந்துவிட்டது. எழுந்தார். நான் வாசலுக்கு ஓடப் போனேன். மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, அதன் பின்னால் நின்றுகொண்டார்.

சின்னத்தை மார்பில் அடித்துக்கொண்டு வந்தார். பின்னால் அவர் வீட்டு ஆட்கள், ரோஜா மாலையோடு. தெருவில் கதவுகள் திறந்தன. பக்கத்து வீட்டு அக்கா, காலையில்தான் அத்தையிடம் கறிவேப்பிலை வாங்கிப் போனவர், ஒன்றும் புரியாமல் வந்து நின்று, எல்லோரும் அழுவதைப் பார்த்து அவரும் அழ ஆரம்பித்தார்.

"வெள்ளிக்கிழமையே போனியே, எனக்கொரு வார்த்தை சொல்லலியே" என்று சின்னத்தை இழுத்து இழுத்துப் பாடினார். கல்யாணத்துக்குப் பந்தல்கால் நட்டதிலிருந்து மறுவீட்டுச் சாப்பாடு வரைக்கும் அக்கா செய்த ஒவ்வொன்றையும் சொல்லி அழுதார். எனக்கே தெரியாத சங்கதியெல்லாம் வந்தது. அத்தை மூச்சு விடாமல் கேட்டார். முகத்தில் ஒரு பக்கம் தெரு வெளிச்சம், மறுபக்கம் கதவு நிழல். நான் ஒரு வருஷம் பாடுபட்டு உட்கார வைக்க முடியாத மாதிரி அவ்வளவு அசையாமல் நின்றார்.

"முழங்கைய எனக்குத் தந்துட்டு முகத்தக் கொண்டுபோனியே. ஆல்பத்த விரிச்சு அந்த முழங்கையத்தான தினமும் தடவிப் பாத்தேன்" என்றார் சின்னத்தை.

அத்தை என் மணிக்கட்டை இறுக்கினார். அவர் கண்ணில் நீர் கோத்து, மூக்குத்திப் பக்கம் இருந்த அந்தச் சின்னப் பள்ளத்தில் இறங்கியது. நானும் அழுதுகொண்டிருந்தேன். அத்தோடு நிறுத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் சின்னத்தை சின்னத்தைதான். "கல்நெஞ்சுக்காரி, ஒரு போன் போட்டியா?" என்று அடுத்த அடியை எடுத்துவிட்டார்.

அத்தையால் பொறுக்க முடியவில்லை. கதவை விரியத் திறந்து, "நீ போட்டியாட்டி?" என்றார்.

ரோஜா மாலை பிடித்திருந்தவர் அதைக் கீழே போட்டார். ஆட்டோ டிரைவர் வண்டியைக் கிளப்பிவிட்டார், வாடகையை வாங்க மறுநாள்தான் வந்தார். சின்னத்தை படியில் நின்று அக்காவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். தொட்டுப் பார்த்தார். பிறகு தோளில் ஓங்கி ஒன்று வைத்துவிட்டு, அதே தோளில் சாய்ந்து உண்மையாக அழுதார். அதுவரை அழுதது அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. சாகாமல் எதற்கு மாலை போட்டுக்கொண்டாய் என்று அவர் கேட்க, உன்னை வரவழைக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை என்று அத்தை ஒரு கூச்சமும் இல்லாமல் சொன்னார். நடந்ததை விளக்க வாயைத் திறந்த என்னை ஒரு பார்வையில் அடக்கினார்.

காபி போட்டேன். முழங்கைச் சண்டையை இரண்டு பேரும் முதலிலிருந்து முழுசாகப் போட்டு முடித்தார்கள். அதற்கு அப்புறம்தான் சின்னத்தையின் கண் படத்தின் மேல் போனது. செத்த நேரம் பார்த்துவிட்டு, படம் நல்லாத்தான் இருக்கு, ஒரு பக்கம் எதுக்குக் கரியப் பூசியிருக்கா என்றார்.

அதற்கு அத்தைதான் பதில் சொன்னார். "கரியில்லட்டி, நிழலு. வெளிச்சம் இந்தப் பக்கமிருந்து வருதுல்ல. இது இல்லன்னா எனக்கு மூக்கு ஏது? கண்ணச் சுருக்கிப் பாரு, தெரியும்." அக்காவும் தங்கையும் பக்கத்தில் பக்கத்தில் நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்கள். இரண்டு மூக்கும் ஒரே மூக்கு என்று அன்றுதான் கவனித்தேன்.

அடுத்த ஞாயிறு மாலையைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கொடுத்ததைத் திரும்ப வாங்கும் வழக்கமில்லை என்றார் அண்ணாச்சி. ட்யூப் என்றால் டியூப் லைட் என்று விளக்கமாகச் சொன்னேன். தலையாட்டினார். நம்பினாரா என்று தெரியவில்லை. அத்தை அந்த மாலையைப் பாலித்தீன் பையில் சுற்றி பீரோவில் வைத்துவிட்டார், நல்ல மாலை, இருக்கட்டும் என்று. படம் ஹாலில் மாமனாருக்கு எதிர்ச் சுவரில் இருக்கிறது, மாலையும் பல்பும் இல்லாமல். இப்போது நான் சின்னத்தையை வரைந்துகொண்டிருக்கிறேன். மூக்கு சுலபமாக வருகிறது, புருவம்தான் நிற்க மாட்டேன் என்கிறது.

ஒரு மூக்குக்கு நிழல் போட ஒரு வருஷம் ஆனது எனக்கு, அது பரவாயில்லை. ஒருத்தரை நமக்கு எவ்வளவு பிடிக்கும் என்பதை மட்டும், அவருக்கு மாலை போடும்வரை தள்ளிப்போடாமல், கதவுக்கு இந்தப் பக்கம் அவர் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே சொல்லிவிட வேண்டும் என்று அந்தப் படத்தைக் கடக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.